தராசுக்குத் தெரியாத தண்டட்டி

அய்யலூரிலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். நகை வடிவமைப்புப் படிக்கிறாராம். "வெளிநாட்டுப் போட்டிகளில் பேர் வாங்கிய நகைகளை வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள். ரப்பரில் ஒரு வளையல், அட்டைப்பெட்டியை வெட்டினாற்போல் ஒரு காப்பு, அலுமினியத்தில் பட்டையாக ஒரு கழுத்தணி. வீட்டில் அப்பத்தாவிடம் காட்டினேன். 'இத அடகு வச்சா எவன்டி காசு தருவான்?' என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எதைப் பார்த்து இவற்றைக் கொண்டாடுகிறார்கள், ஐயா?"

நானும் அய்யலூர்க்காரன். அதனால் இந்தக் கடிதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இடம் ஒதுக்குகிறேன்.

தங்கம் எங்கே வெட்டுகிறார்கள், இருபத்திரண்டு காரட் என்றால் என்ன என்பதெல்லாம் தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஜெர்மனியில் மியூனிக் நகரக் கைத்தொழில் சந்தையில் ஆண்டுதோறும் 'ஷ்முக்' என்றொரு நகைக் கண்காட்சி நடக்கும். 1959-ல் ஹெர்பர்ட் ஹோஃப்மன் தொடங்கியது. 1973 முதல் அவர் பெயரில் பரிசும் உண்டு. உலகெங்கிலுமிருந்து நூற்றுக்கணக்கான பேர் விண்ணப்பிப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதிய தேர்வாளர் உட்கார்ந்து சிலரைப் பொறுக்குவார். தேர்வாளர் மாறிக்கொண்டே இருப்பதால், போன வருடம் ஜெயித்த மாதிரியைப் பார்த்துக் காப்பியடித்து அனுப்பினால் வேலைக்கு ஆகாது. நெதர்லாந்திலும் இப்படி ஒரு பரிசு இருக்கிறது. பிரான்ஸ்வாஸ் வான் டென் போஷ் என்ற நகைக் கலைஞர் 1977-ல் சின்ன வயதிலேயே இறந்துபோனார். அவர் நினைவாகக் கொடுப்பது.

கடிதத்தில் சொல்லியிருக்கும் அட்டைக் காப்பு, 2012-ல் அந்த நெதர்லாந்துப் பரிசை வாங்கிய டேவிட் பீலாண்டர் பின்னாளில் செய்ததாகத்தான் இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் பிறந்து மியூனிக்கில் வேலை செய்பவர். அந்தக் காப்பில் அட்டை ஒரு துளிகூடக் கிடையாது, அத்தனையும் வெள்ளி. அட்டைப்பெட்டியைக் கிழித்தால் உள்ளே அலை அலையாக மடிப்பு தெரியுமே, அதை வெள்ளித் தகட்டில் மடித்து, பழுப்பு நிறம் ஏற்றி, மேலே ஸ்டேப்ளர் பின் குத்தியதுபோல் செய்திருக்கிறார். அந்தப் பின் வெள்ளைத் தங்கம். நம் ஊரில் பித்தளைக்குத் தங்க முலாம் பூசி ஏமாற்றுவார்கள். இந்த மனிதர் வெள்ளிக்கு அட்டை வேஷம் போட்டு ஏமாற்றுகிறார். அப்பத்தாவிடம் சொல்லுங்கள், அடகுக்கடைக்காரர் தூக்கிக் குப்பையில் போட்டால் நட்டம் அவருக்குத்தான்.

ரப்பர் வளையல் ஓட்டோ குன்ஸ்லி 1980-ல் செய்தது. கறுப்பு ரப்பர்க் குழாயை வட்டமாக வளைத்து மூடியிருக்கிறார். ஓரிடத்தில் மட்டும் சின்னதாகப் புடைத்திருக்கும். அதற்குள் ஒரு தங்க உருண்டை இருக்கிறது. இருக்கிறதா என்று சோதிக்க ரப்பரை அறுத்தாக வேண்டும். அறுத்தால் வளையல் போயிற்று. 'தங்கம் கண்ணைக் குருடாக்கும்' என்று பெயர் வைத்தார். இதே ஆள் 1985-86-ல், யார் யாரோ போட்டுக் கழற்றிய 48 கல்யாண மோதிரங்களை வாங்கி ஒன்றோடொன்று கோத்து ஒரு சங்கிலி செய்தார். உள்வளைவில் பேரும் தேதியும் அப்படியே இருக்கின்றன. எடை போட்டால் விலை சொல்லிவிடலாம். கழுத்தில் போட்டுக்கொள்ளத்தான் துணிச்சல் வேண்டும்.

இதெல்லாம் என்ன கூத்து என்று தோன்றலாம். எங்கள் ஊர் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வந்து பாருங்கள். கறிக்கடைக்காரர் ஆட்டின் முதுகைப் பிடித்து அமுக்கி, இடுப்பைத் தூக்கிப் பார்த்து, இத்தனை கிலோ தேறும் என்பார். அதே ஆட்டை வளர்ப்புக்கு வாங்க வந்தவர் காதைப் பார்ப்பார், காலைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். கிலோவைப் பற்றிப் பேசவே மாட்டார். மியூனிக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டாவது ஆள் மாதிரி. நாம் பெரும்பாலும் முதல் ஆள்.

சந்தை என்றதும் எனக்கு ஆடு ஞாபகம் வருவதற்கு முன்னால் தண்டட்டிதான் ஞாபகம் வரும். இரண்டு குட்டிகளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வேம்படியில் உட்கார்ந்திருக்கும் கிழவிகளின் தோள் வரைக்கும் காது தொங்கும். அதில் தங்கத்தில் ஒரு சதுரக் கட்டை, பக்கத்தில் உருண்டைகள். தெற்கே திருநெல்வேலிச் சீமைக்குப் போனால் இதன் உறவுக்காரி பாம்படம். அதில் கூம்பும் தட்டும் முடிச்சும் இன்னும் கூடுதலாகச் சேரும். மாங்காய், மயில், அன்னம் எதுவும் கிடையாது, கல்லும் கிடையாது. வெறும் வடிவங்கள். முன்னால் நின்று பார்த்தால் ஒரு உரு, பக்கவாட்டில் பார்த்தால் வேறொன்று. ஐரோப்பாவில் ஓவியர்கள் கட்டம் கட்டமாக மனுஷ முகத்தை வரையத் தொடங்குவதற்கு முன்பே நம் ஆசாரிமார் இதைச் செய்து முடித்துவிட்டார்கள். நம் நாட்டு நகைகளைப் பற்றி 1997-ல் பெரிய புத்தகம் போட்ட ஓப்பி அன்ட்ராக்ட், தானே நகை செய்யத் தெரிந்தவர். அப்படிப்பட்டவர்களுக்குத் தெற்கத்திக் காதணிகள் மேல் இருக்கும் மோகம், பட்டறையில் நெருப்பு ஊதிய அனுபவத்திலிருந்து வருவது என்பது என் எண்ணம்.

செய்வது அத்தனை சிரமம். வடமதுரைப் பக்கம் வயதான ஆசாரி ஒருவர் எனக்கு விளக்கிச் சொன்னார். தகட்டை நன்றாக மெலிதாக்கி, அச்சில் வைத்துத் தட்டிப் பாதிப் பாதியாக உருவம் எடுக்க வேண்டும். இரண்டு பாதியையும் சேர்த்து, விளிம்பில் பொடியும் வெங்காரமும் வைத்து, உமியோட்டு நெருப்பில் ஊதுகுழலால் ஊதி ஒட்ட வேண்டும். எங்காவது ஒரு சின்னத் துளை விட்டாக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து உருண்டையைப் பிளந்துவிடும். ஒட்டு வேலை எல்லாம் முடிந்த பிறகு அந்தத் துளை வழியாக அரக்கு இறக்குவார்கள். தகடு மெலிசு, தங்கம் மெதுவான உலோகம். வெறும் கூடாக விட்டால் கதவில் இடித்தாலே நசுங்கிவிடும். உள்ளே அரக்கு இறுகிக்கொண்டால் அடி தாங்கும். கொஞ்சத் தங்கத்தில் பெரிய உருவம் கிடைத்துவிடும்.

"அரக்கு உள்ள போனதுக்கப்புறம் நெருப்பே ஆகாதுய்யா," என்றார் அவர். "ஒரு ஒட்டு விட்டுப்போச்சுன்னா மொத்தத்தையும் உருக்கி வெளிய எடுத்துட்டுத்தான் திரும்ப ஊதணும். அதனால முன்னாடியே எல்லாத்தையும் யோசிச்சிரணும்."

அரக்கு என்பது பூச்சி சுரக்கும் பிசின். வெந்நீர்ச் சூட்டுக்கே இளகிவிடும். தங்கத்தை ஒட்டவோ பல நூறு டிகிரி வேண்டும். இரண்டையும் ஒரே பொருளில் வைக்க வேண்டுமென்றால் வேலையின் வரிசை ஒரு படி பிசகக்கூடாது. எந்த ஒட்டு முதலில், எது கடைசி என்று அவர் விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே போனபோது அவர் பேத்தி டி.வி. சத்தத்தைக் கூட்டினாள்.

ஆனால் தண்டட்டியில் எனக்குப் பிடித்த விஷயம் அரக்கோ தகடோ இல்லை. காது. நகையைச் செய்வதற்குப் பல வருடம் முன்பே காதைச் செய்யத் தொடங்கிவிடுவார்கள். சின்ன வயதில் குத்திய ஓட்டையில் முதலில் பஞ்சு, பிறகு பனையோலைச் சுருள். ஓலையை இறுக்கிச் சுருட்டிச் செருகினால் அது சும்மா இருக்காது. விரியப் பார்க்கும். இரும்புச் சுருள்வில்லுக்கு உள்ள குணம்தான். நாலா பக்கமும் ஒரே அளவில் மெல்ல நெருக்கித் தள்ளும். துளை கொஞ்சம் பெரிதானதும் அடுத்த பெரிய சுருள். துளை போதுமான அளவு வந்த பிறகு ஈயக் குணுக்குகளைத் தொங்கவிட்டுக் காதை நீளமாக இழுப்பார்கள். சதை அவசரத்துக்கு வளைந்து கொடுக்காது, அறுந்துவிடும். பாட்டிமார் கைப்பக்குவத்தில் அது நிதானமாக வளர்ந்தது.

கைஸ் பாக்கர் என்ற டச்சுக் கலைஞர் 1973-ல் ஒரு வேலை செய்தார். கடிதத்தில் சொன்ன மாதிரியான அலுமினியக் கழுத்தணிகளை எம்மி வான் லீர்சம் என்ற தன் மனைவியோடு சேர்ந்து 1967-ல் செய்தவர் அவர்தான். 1973-ல் மெல்லிய தங்கக் கம்பியைப் புஜத்தில் இறுகக் கட்டி, பிறகு கழற்றிவிட்டார். சதையில் பதிந்த வரிதான் நகை என்றார். 'நிழல் நகை' என்று அதற்குப் பெயர். நகை உலோகத்தில் இல்லை, உடம்பில் இருக்கிறது என்பதற்கு இன்றைக்கும் உலகமெங்கும் வகுப்புகளில் அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வரி மறைந்துவிடும். எங்கள் சந்தைக் கிழவிகள் தண்டட்டியைக் கழற்றி விற்றுப் பேரன் படிப்புக்குக் கட்டிய பிறகும் வெறும் காது தோளில் ஆடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்தால் நகை போட்டிருந்தது தெரியும், எவ்வளவு பெரிது என்பதும் ஓரளவு தெரியும்.

இதைச் சொல்வதால் காது வளர்க்கும் வழக்கம் திரும்ப வரவேண்டும் என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அந்தப் பெண்பிள்ளைகளை யாரும் கேட்டுவிட்டுச் செய்யவில்லை. புண் வந்து சீழ் பிடித்தவர்கள், பாரம் தாங்காமல் காது அறுந்தவர்கள், திருடன் பிடித்து இழுத்ததில் ஒரு காதை இழந்தவர்கள் எல்லாரும் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பள்ளிக்கூடம் போன மகள்கள் வேண்டாம் என்றது நியாயம். சிலர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொங்கும் சதையை வெட்டித் தைத்துக்கொண்டதும் அவரவர் விருப்பம். ஆனால் அந்த அழகை அவமானமாக்கிய பேச்சு மகள்களிடமிருந்து தொடங்கவில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906-ல் வெளியிட்ட தென்னிந்திய மக்களைப் பற்றிய நூலில், இந்த வளர்ந்த காதுகளை உடல் சிதைப்பு பற்றிய அத்தியாயத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதே காலத்தில் அவர் ஊர்ச் சீமாட்டிகள் விலா எலும்பு நொறுங்க இடுப்புக்கச்சை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. பதினான்கு காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்றார்கள். சட்டம் முழுவதுமாகப் போக 1990 ஆயிற்று. அந்த இடைவெளியில் எத்தனையோ பட்டறைகளில் அடுப்பு அணைந்தது. வேறு தொழிலுக்குப் போன ஆசாரி மகன்கள் திரும்பி வரவில்லை. அவர்களோடு ஊதும் வரிசையும் போயிற்று. 2023-ல் பசுபதியும் ரோகிணியும் நடித்து 'தண்டட்டி' என்றே ஒரு படம் வந்ததே, பார்த்திருப்பீர்கள். இறந்த கிழவியின் காதிலிருந்த தண்டட்டி காணாமல் போய், வீடே ரெண்டுபட்டுப் போகும். சிரித்துக்கொண்டே பார்த்தாலும் கதை உண்மை. பிணத்தை எடுப்பதற்கு முன்னால் காதைப் பார்க்கிற வீடுகள் நமக்குத் தெரியாதவை இல்லை. அதற்குப் பிறகு பங்கு. ஒரு ஜோடித் தண்டட்டியை மூன்று மகள்களுக்கு எப்படிப் பிரிப்பது? உருக்கித்தான்.

உருக்கும் இடத்தில் நடப்பதைக் கேளுங்கள். முதலில் அரக்கை எடுத்துவிட்டுத் தங்கத்தை மட்டும் நிறுப்பார்கள். அரக்குக்கு 'அழுக்கு' என்று பெயர் வைத்துக் கழிப்பார்கள். தண்டட்டியைத் தண்டட்டியாக நிற்க வைத்ததே அந்த அழுக்குதான். கையில் வரும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு நகைக்கடையில் புது நகை எடுப்பார்கள். அந்தப் பில்லைப் பாருங்கள். தங்கத்தின் விலை, செய்கூலி, சேதாரம், மூன்று சதவீதம் ஜி.எஸ்.டி. யோசித்தவனுக்கு ஒரு வரி கிடையாது. உருவத்தைக் கண்டுபிடிப்பது சேதாரத்தைவிட மட்டமான சங்கதி என்று நாம் எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டியிருக்கிறோம். பக்கத்துக் கடைக் கேட்லாக்கைப் படம் பிடித்து வந்து "இதே மாதிரி, ஒரு பவுன் குறைச்சு" என்று கேட்பதில் நமக்குக் கூச்சமே இல்லை.

மாணவிக்கு இனி நேராகவே சொல்கிறேன். தங்கச்சி, போட்டிக்கு மயிலும் மாங்காயும் வரைந்து அனுப்பாதே. வருகிற தேர்வாளர் ஆயிரம் மயில் பார்த்தவர். ரப்பரும் அட்டையும் அனுப்பாதே. அவை அவர்கள் ஊர்ச் சண்டையில் பிறந்தவை, தங்கத்தின் மேல் அவர்களுக்கிருந்த கோபத்துக்குப் பதில் சொன்னவை. உன் சண்டை வேறு. உனக்கு வளர்ந்த காது கிடையாது. காதின் மேல்மடல், பின்புறம், கழுத்தின் சரிவு, தோளெலும்பு எல்லாம் இருக்கிறது. பாரத்தைத் துளையில் தொங்கவிடாமல் வேறெங்கே தாங்க வைக்கலாம்? சதுரமும் உருண்டையும் கூம்பும் அங்கே எப்படி உட்காரும்? அரக்குக்குப் பதில் எதை உள்ளே வைக்கலாம்? அந்த வடமதுரை ஆசாரி இன்னும் இருக்கிறார். வா, நான் கூட்டிப் போகிறேன்.

புதிதாக ஒன்று அமைந்துவிட்டால் யாருக்கும் காட்டுவதற்கு முன் பதிவு செய்துவிடு. 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி பதிந்தால் பத்து வருடம் உரிமை, புதுப்பித்தால் இன்னும் ஐந்து. வெளியே காட்டிவிட்ட வடிவத்தைப் புதியது என்று பதிய முடியாது என்பதால் வாட்ஸ்அப்பில் தோழிகளுக்குக்கூட அனுப்பாதே.

மற்ற வாசகர்களுக்கு: வீட்டில் தண்டட்டி இருந்து, விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் விற்றுக்கொள்ளுங்கள். கல்யாணமும் கல்லூரிக் கட்டணமும் காத்திருக்காது. விற்கும் முன் ஒரு வெள்ளைத் துணியில் வைத்து முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, அடிப்பக்கம் என்று படம் எடுங்கள். அளவு தெரிய ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். யாருடையது, எந்த ஊர் ஆசாரி செய்தது, எத்தனை பவுன் என்று ஒரு தாளில் எழுதிப் படத்தோடு சேர்த்துவிடுங்கள். போட்டிருந்தவர் உயிரோடு இருந்தால், அவர் சம்மதித்தால், காதில் போட்டபடியே ஒரு படம்.