35 மார்க்குக்கு மலைப்பாதை!

பத்தாம் வகுப்பு கணக்குப் பரீட்சை என்றால் எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் உதறல்தான். பச்சைமலையில் அது ஒரு பிடி அதிகம். பாஸானால் கீழே இறங்கி ப்ளஸ் ஒன்னோ ஐ.டி.ஐ.யோ சேரலாம். இல்லையென்றால் மரவள்ளிக் காட்டு வேலை!

அங்கே நான் சந்தித்த கணக்கு வாத்தியார் சிரித்தார். "வினாத்தாளே வழி சொல்லுது சார், யாரும் பார்க்கறதில்லே!" சாக்பீஸை எடுத்தார்.

ஒரு மார்க் கேள்வி 14. ரெண்டு மார்க், 14-ல் 10. அஞ்சு மார்க்கும் அப்படியே. ஜியாமெட்ரி ஒன்று, கிராஃப் ஒன்று, தலா 8. மொத்தம் 100.

"படம் ரெண்டும் 16, ஒரு மார்க் 14. ஆச்சா 30? பாஸுக்கு இன்னும் அஞ்சே அஞ்சு! தப்பா எழுதினா மைனஸ் மார்க்கும் கிடையாது."

திருத்துவதிலும் விஷயம் இருக்கிறது. பெயருள்ள முகப்புத் தாளைப் பிரித்துவிட்டுத்தான் விடைத்தாளை அனுப்புகிறார்கள். மலைப் பிள்ளையா, டவுன் பிள்ளையா... திருத்துகிறவருக்குத் தெரியாது. அவர் கையில் விடைக்குறிப்பு. சூத்திரம் எழுதினால் இவ்வளவு, எண்களைப் போட்டால் இவ்வளவு என்று படிப்படியாக மார்க். கடைசி விடை தப்பினாலும் சரியாகப் போட்ட படிகளுக்கு உண்டு.

"ஒண்ணுமே எழுதலேன்னா சார்?" கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண்.

"வெத்துத் தாளுக்கு மட்டும் எந்த ஊரு வாத்தியாரும் மார்க் போட முடியாது தாயி. சூத்திரத்தையாவது எழுதிட்டு வா!"