எட்ஜில் திறக்கிறது, ஃபயர்பாக்ஸில் ஏன் இல்லை?

ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம். சரக்கு துறைமுகத்தில் நிற்கிறது. சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் இறக்குமதி ஆவணமான பில் ஆஃப் என்ட்ரி போட்டாக வேண்டும். எட்ஜில் தளம் திறக்கிறது. ஃபயர்பாக்ஸில் சான்றிதழ் எச்சரிக்கை. இன்டர்நெட் போய்விட்டதா? இல்லை. காரணம் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் இருக்கும் வெப் ஃபில்டர், அதாவது தளங்களைச் சோதித்துத் தடுக்கும் மென்பொருள்.

பாதுகாப்பான பக்கங்கள் மறையாக்கத்தோடு வருகின்றன. அவற்றைப் படித்துப் பார்க்க, வெப் ஃபில்டர் நடுவில் நின்று, தளத்தின் சான்றிதழுக்குப் பதிலாகத் தான் தயாரித்த சான்றிதழை பிரவுசரிடம் நீட்டுகிறது. அதை நம்பும்படி விண்டோஸின் சான்றிதழ்ப் பட்டியலில் தன் மூலச் சான்றிதழைச் சேர்த்தும் வைக்கிறது. எட்ஜும் குரோமும் அதை ஏற்கும். ஃபயர்பாக்ஸுக்கோ தனிப் பட்டியல். 2023இல் வந்த 120ஆம் பதிப்பிலிருந்துதான் விண்டோஸில் சேர்த்ததையும் தானாகவே எடுத்துக்கொள்கிறது. பழைய பதிப்பு முரண்டு பிடிக்கும். அப்டேட் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

எல்லா பிரவுசரும் எச்சரித்தால் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போயிருந்தால், நல்ல சான்றிதழும் ‘இன்னும் செல்லுபடியாகாதது’ ஆகிவிடும்.

எச்சரிக்கையே இல்லாமல் எந்தப் பக்கமும் வரவில்லையா? பிராக்ஸி அமைப்பைத் திறந்து பாருங்கள். 127.0.0.1 என்று இருந்தால், அது உங்கள் கம்ப்யூட்டரையே குறிக்கும் முகவரி. ஃபில்டரை அரைகுறையாக நீக்கிய இடங்களில் இந்த வரி மட்டும் தங்கிவிடும்; பிரவுசர் கதவைத் தட்டும், உள்ளே ஆள் இருக்காது.

எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போகாதீர்கள். டிஜிட்டல் கையொப்பம் போடும் தளத்தில் அது ஆபத்து. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அட்மினிடம் கொடுத்து, சுங்கம், வங்கித் தளங்களுக்கு மட்டும் ஃபில்டரின் சோதனையிலிருந்து விலக்கு கேளுங்கள்.