அழிந்த பதிவேட்டை மீட்டெடுத்தல்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரான ஸ்ரீ விஜய புரத்தை (2024 வரை இது போர்ட் பிளேர் எனப்பட்டது) அடுத்துள்ள பத்துபஸ்தியில் ஒரு குடும்பம் வாழ்வதாகக் கொள்வோம். அரசு அலுவலகங்களைப் பொறுத்தவரை அக்குடும்பம் சில பதிவுகளின் தொகுப்பாகும். உணவுப் பொருள் வழங்கும் அட்டையில் ஒரு பதிவு, மூதாட்டியின் ஓய்வூதியத்துக்கு ஒரு பதிவு, குழந்தையின் பிறப்புக்கு ஒரு பதிவு, வீட்டு மனைக்கு ஒரு பதிவு. முற்காலத்தில் தடித்த பேரேடுகளில் இருந்த இவை இன்று கணிப்பொறியின் தரவுத்தளத்தில் உள்ளன. ஒரு நாள் அத்தரவுத்தளம் அழிந்துபோனால், அரிசியும் ஓய்வூதியமும் உரிமையும் பெறுவதற்கு அக்குடும்பம் எதைக் காட்டும்?

இவ்வினாவுக்கு விடை, வலைப்பின்னலில் இணைக்கப்படாமல் தனியே எடுத்து வைக்கப்படும் காப்புப் பிரதிகளாகும். அவற்றிலிருந்து தரவுத்தளத்தைப் படிப்படியாக, கைவழியாக மீட்டெடுக்கும் முறையை அலுவலர்களும் மாணவர்களும் அறிந்திருப்பது இன்றியமையாதது.

அழிவு வரும் வழிகள்

தரவு அழிவதற்கான காரணங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, இயற்கைச் சீற்றமும் தீவிபத்தும். 2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தின்போது தெற்கு அந்தமானின் நிலப்பரப்பே ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. தலைநகரை அடுத்த சிப்பிகாட் போன்ற தாழ்வான பகுதிகளில் விளைநிலங்கள் கடல்நீருக்குள் சென்றன. நிலம் மூழ்கினாலும் அதன் உரிமைப் பதிவு மூழ்கிவிடலாகாது. நிவாரணத்துக்கும் மாற்று நிலத்துக்கும் அப்பதிவே அடிப்படையாகும். 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் டேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் பயன்படுத்திவந்த 858 டெராபைட் அளவுள்ள சேமிப்பகம் அதில் அழிந்தது. அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளிப்பிரதி எடுக்கப்பட்டிருக்கவில்லை.

இரண்டாவது, மனிதத் தவறு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்னும் மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், ஒரு கணிப்பொறியில் இடவேண்டிய அழிப்புக் கட்டளையை மற்றொன்றில் இட்டுவிட்டார். நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பப்பட்ட பிரதிகள் உண்மையில் எடுக்கப்படவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சென்று சேரவில்லை. வேறொரு தேவைக்காகச் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுக்கப்பட்டிருந்த பிரதி ஒன்றே அந்நிறுவனத்தைக் காத்தது.

மூன்றாவது, தீய நோக்குடைய தாக்குதல். 2022 நவம்பர் 23 அன்று புது தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நோயாளிப் பதிவுகள் காகிதத்தில் எழுதப்பட்டன. தாக்குதலுக்கு உள்ளாகாத ஒரு காப்புச் சர்வரிலிருந்து தரவு முழுவதும் மீட்கப்பட்டுப் புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டது. இரண்டு வாரங்களுக்குப் பின் பெரும்பாலான பணிகள் மீண்டும் தொடங்கின என நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

இணைக்கப்படாத பிரதி ஏன்?

ஒரு தரவுத்தளத்தின் மாற்றங்களை உடனுக்குடன் மற்றொரு கணிப்பொறிக்கும் அனுப்பிவைக்கும் முறை பரவலாக உள்ளது. ஓர் இயந்திரம் பழுதுபட்டால் மற்றொன்று பணியைத் தொடர இது உதவும். ஆயினும் இது காப்புப் பிரதி ஆகாது. தவறான அழிப்புக் கட்டளையும் அதே வேகத்தில் மற்றொரு கணிப்பொறியைச் சென்றடையும். இணைப்பிலுள்ள பிரதியைத் தாக்குபவரும் எட்டிப் பிடிக்க முடியும். காந்த நாடாவிலோ கழற்றி வைக்கப்பட்ட ஹார்ட் டிஸ்கிலோ உள்ள பிரதியை எந்தக் கட்டளையும் தொட முடியாது.

2017 ஜூன் மாதம் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணிப்பொறிகள் உலகெங்கும் ஒரே நாளில் முடங்கியபோது இவ்வுண்மை தற்செயலாக வெளிப்பட்டது. பயனாளர் விவரங்களைக் கொண்ட முதன்மைச் சர்வர்கள் எல்லாம் அழிந்த நிலையில், கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதலின்போது அங்கு மின்சாரம் இல்லாததே காரணம். அதன் தரவை இணைப்பின் வழியே அனுப்பப் பல நாட்கள் ஆகும் என்பதால், அது விமானம் மூலம் நைஜீரியா வழியாக இலண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

தீவுகளுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடி இழைக் கம்பி 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன் வெளியுலகத் தொடர்பு செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. ஒரு டெராபைட் தரவை நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் பெற ஒன்பது நாட்களுக்கு மேல் ஆகும். 100 மெகாபிட் வேகத்திலும் ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். சென்னையிலிருந்து விமானப் பயணமோ இரண்டு மணி நேரத்தை ஒட்டியது. எனவே ஒரு பிரதி தீவிலேயே, மற்றொன்று பெருநிலப்பரப்பில் என இரண்டும் இருத்தல் வேண்டும்.

மீட்பின் படிகள்

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். குடும்ப அட்டைகளுக்கான கற்பனைத் தரவுத்தளம் ஒன்றில் ஞாயிறு இரவு 1,00,000 பதிவுகள் உள்ளன. அன்று முழுப்பிரதி எடுக்கப்படுகிறது. அதன்பின் ஒவ்வொரு மாற்றமும் வரிசையாகக் குறிக்கப்படும் மாற்றக் குறிப்பேடு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை தனி டிஸ்கில் படியெடுக்கப்படுகிறது. புதன் பிற்பகல் 3 மணிக்குச் சர்வர் அழிகிறது.

முதற்படி, பாதிக்கப்பட்ட இயந்திரத்தை இணைப்பிலிருந்து நீக்கி அப்படியே பாதுகாத்தல். அவசரப்பட்டு அதன்மீதே எழுதினால் தடயமும் எஞ்சிய தரவும் போய்விடும். தாக்குதல் எனில், இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் அமைப்புக்கு, 2022 ஏப்ரல் மாத ஆணையின்படி, ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும்.

இரண்டாம் படி, காப்புப் பிரதியை அதன் சரிபார்ப்பு எண்ணுடன் ஒப்பிடுதல். எடுத்த நாளில் குறித்த எண்ணும் இன்று கணக்கிட்ட எண்ணும் ஒன்றாயின் பிரதி சிதையவில்லை எனக் கொள்ளலாம். மூலப் பிரதியைத் தொடாமல் அதன் மறுபிரதியைக் கொண்டே பணி நடைபெறுதல் நலம்.

மூன்றாம் படி, தூய கணிப்பொறியில் அதே பதிப்பு மென்பொருளை நிறுவி முழுப்பிரதியை ஏற்றுதல். இப்போது தரவுத்தளம் ஞாயிறு இரவு இருந்த நிலையை அடைகிறது.

நான்காம் படி, மாற்றக் குறிப்பேடுகளை வரிசை பிறழாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்துதல். இடையில் ஒன்று விடுபட்டால் அதற்குப் பிந்தியவை பயனற்றுப்போகும். அழிவுக்குத் தவறான கட்டளையே காரணம் எனில், அக்கட்டளைக்குச் சற்று முன்னதாகவே நிறுத்திவிட வேண்டும்.

ஐந்தாம் படி, கணக்குச் சரிபார்த்தல். திங்களன்று 400 சேர்க்கை, 20 நீக்கம். செவ்வாயன்று 350 சேர்க்கை, 10 நீக்கம். புதன் நண்பகல் வரை 110 சேர்க்கை எனில், மீண்ட தரவுத்தளத்தில் 1,00,830 பதிவுகள் இருத்தல் வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது ஒரு குடும்பமாகும்.

ஆறாம் படி, இடைவெளியை நிரப்புதல். கடைசிக் குறிப்பேடு நண்பகலில் படியெடுக்கப்பட்டதால் மூன்று மணி நேரப் பதிவுகள் இல்லை. அவ்வேளையில் பெறப்பட்ட விண்ணப்பங்கள் 60 எனில், அவற்றைக் காகிதத்திலிருந்து இருவர் ஒப்புநோக்கிப் பதிய வேண்டும். 1,00,890 என்ற எண் கிடைத்த பின்னரே பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் திறத்தல் முறையாகும்.

ஒப்புநோக்கும் மரபு

இம்முறை தமிழர்க்குப் புதியதன்று. பனையோலை அழியும் தன்மையது என அறிந்தே முன்னோர் ஏடுகளைக் காலந்தோறும் பெயர்த்தெழுதினர். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பல ஊர்களில் இருந்த பிரதிகளை ஒப்பிட்டே பாடத்தைத் தீர்மானித்தார். ஒரே இடத்தில் ஒரே ஏடாக இருந்த நூல்கள் எத்தனையோ மறைந்தன. பல ஊர்களில் பல பிரதிகளாக இருந்தவை பிழைத்தன. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில் என இன்று உலகெங்கும் கூறப்படும் விதியின் உட்கருத்தும் இதுவே.

அலுவலகத்தின் கடமை

மீட்புக்குரிய ஏற்பாடு செலவு பிடிப்பது என்பது உண்மை. எனவே ஒவ்வோர் அலுவலகமும் இரண்டு அளவுகளைத் தீர்மானித்தல் வேண்டும். எத்தனை மணி நேரப் பதிவுகளை இழந்தால் காகிதத்திலிருந்து ஈடுசெய்ய இயலும் என்பது ஒன்று. எத்தனை நாட்கள் சேவை நின்றால் மக்கள் தாங்குவர் என்பது மற்றொன்று. முதலாவது எத்தனை முறை பிரதி எடுப்பது என்பதையும், இரண்டாவது மாற்று இயந்திரங்களின் தேவையையும் முடிவு செய்யும்.

பராமரிப்பும் முக்கியமானது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் தீவுகளில் ஈரமும் உப்புக் காற்றும் நாடாக்களையும் டிஸ்குகளையும் கெடுக்கும். உலர்ந்த, குளிர்ந்த அறையும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை படித்துப் பார்த்தலும் தேவை. பிரதி பூட்டப்பட்டிருந்தால், அதன் திறவுச் சொல் முத்திரையிட்ட உறையில் வேறிடத்தில் இருத்தல் வேண்டும். அது தெரிந்த ஒரே அலுவலர் மாற்றலாகிச் சென்றால் பிரதி இருந்தும் பயனில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் ஒரு தனிக் கணிப்பொறியில் முழு மீட்பையும் நடத்திப் பார்க்க வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. மீட்டுப் பார்க்காத பிரதியும் அத்தகையதே. ஒத்திகையின் நாள், ஆன நேரம், பதிவுகளின் எண்ணிக்கை, கண்ட குறை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிப் பொறுப்பு அலுவலர் ஒப்பமிடுதல் நல்ல நடைமுறையாகும்.

அந்த ஒப்பம் இயந்திரத்தைப் பற்றியது மட்டுமன்று. பத்துபஸ்தியின் மூதாட்டி அடுத்த மாதமும் தம் ஓய்வூதியத்தைப் பெறுவார் என்பதற்கு அரசு அளிக்கும் உறுதியும் அதுவே ஆகும்.