போன் வந்தால் நெட் ஏன் நிற்கிறது?

பிரியாணிப் பொட்டலத்தோடு வரவேண்டிய டெலிவரித் தம்பி தெருமுனையில் நின்றுகொண்டு போன் செய்கிறார். “அண்ணா, எந்தத் தெரு?” “ஆப்புலதான் லொகேஷன் இருக்கே தம்பி, பார்த்து வாங்க.” “உங்ககிட்ட பேசுறப்ப மேப் நின்னுடுதுண்ணா. கட் பண்ணாத்தான் நகருது.” இதைக் கேட்டுச் சலித்துக்கொள்ளாதவர் குறைவு. சாக்கு சொல்கிறார் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அவர் சொல்வது அப்பட்டமான உண்மை. அவர் போனில் பேச்சு ஓடும்போது டேட்டா ஓடாது.

இந்தத் தொல்லைக்கு வேறு முகங்களும் உண்டு. கடையில் ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை அடித்து முடிக்கும் நேரத்தில் யாராவது அழைப்பார்கள். பணம் போனதா இல்லையா என்று கடைக்காரரும் வாடிக்கையாளரும் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அம்மாவின் ஹாட்ஸ்பாட்டில் பிள்ளை ஆன்லைன் வகுப்பு கேட்டுக்கொண்டிருக்கும். அம்மாவுக்கு போன் வந்ததும் வாத்தியாரின் முகம் பாதி வாக்கியத்தில் உறைந்துவிடும். ‘சிக்னல் சரியில்லை’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். சிக்னல் கோடுகள் முழுதாக நிற்கும்போதும் இது நடக்கிறது. பழைய வலைப்பின்னல், நிறுவனம் திறந்துவிடாத வசதி, இரண்டு சிம்முக்கு ஒரே ரேடியோ (டவரோடு தொடர்புகொள்ளும் உறுப்பு) என மூன்றில் ஏதோ ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். எது என்று தெரிந்தால் பாதிப் பேர் செலவில்லாமல் சரிசெய்துகொள்ளலாம். அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதே என் ஆதங்கம்.

செல்போன் பேசுவதற்காகப் பிறந்தது. இணையம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. 2ஜியான ஜிஎஸ்எம் முறையில் ஓர் அலைவரிசையை எட்டுத் துண்டு நேரமாக வெட்டி முறைவைத்துக் கொடுப்பார்கள். ஒரு சுற்று முடிய 4.6 மில்லி விநாடி. நாம் பேச ஆரம்பித்ததும் அதில் ஒரு துண்டு நமக்கென்று ஒதுங்கிவிடும். டேட்டாவுக்கான துண்டுகள் வேறு. அவை வேறு அலைவரிசையிலேயே இருக்கலாம். இரண்டையும் ஒருசேரக் கவனிக்க முடிந்த போனை ஏ வகுப்பு என்றும், பேச்சு வந்ததும் டேட்டாவை நிறுத்திவைக்கும் போனை பி வகுப்பு என்றும் அன்றைய தரவிதிகள் பிரித்தன. ஏ வகுப்பென்றால் ஏறக்குறைய இரண்டு ரேடியோ வைக்கவேண்டும், விலை ஏறும், பேட்டரி கரையும். ஆகவே மக்கள் கையில் வந்து சேர்ந்தவை பி வகுப்புதான். 2007-ல் வந்த முதல் ஐபோனும் 2ஜி போன்தான். அதிலும் பேசத் தொடங்கினால் இணையம் நின்றுவிடும்.

3ஜி இதைச் சரிசெய்தது. 2001-ல் ஜப்பானில் என்டிடி டோகோமோ தொடங்கிவைத்த அந்த முறையில் பேச்சும் டேட்டாவும் ஒரே இணைப்பில் சேர்ந்து பயணிக்கும். ஆனால் 3ஜி என்ற பெயரில் உலகில் இரண்டு குடும்பங்கள் இருந்தன. நம் ஊரில் ரிலையன்ஸும் டாடா இண்டிகாமும் விற்ற சிடிஎம்ஏ போன்கள் இன்னொரு குடும்பம். அதில் பேச்சுக்கு ஒரு தடம், வேக டேட்டாவுக்கு முற்றிலும் வேறொரு தடம். ஒரே ரேடியோ உள்ள போன் ஒரு நேரத்தில் ஒரு தடத்தில்தான் நிற்கமுடியும்.

இந்த வேறுபாடு அமெரிக்காவில் ஒரு விளம்பர யுத்தமாகவே வெடித்தது. அதுவரை ஏடி அண்ட் டியிடம் மட்டுமே இருந்த ஐபோன், 2011 பிப்ரவரியில் சிடிஎம்ஏ நிறுவனமான வெரைசனுக்கும் வந்தது. வெரைசனின் கவரேஜ் நன்றாக இருக்கிறது என்று ஆட்கள் மாறத் தொடங்க, ‘எங்கள் ஐபோனில் பேசிக்கொண்டே நெட் பார்க்கலாம்’ என்பதையே ஏடி அண்ட் டி முதன்மை விளம்பரமாக்கியது. உருவத்தில் ஒன்றேபோலத் தெரிந்த போன், ஒரு நிறுவனத்தில் செய்ததை இன்னொன்றில் செய்யவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் வெரைசனுக்காக எச்டிசி கொண்டுவந்த தண்டர்போல்ட் என்ற 4ஜி போன், பேச்சுக்கும் டேட்டாவுக்கும் தனித்தனி ரேடியோ வைத்து அந்தத் தடையை உடைத்தது. பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்ற கெட்ட பெயரையும் சேர்த்துச் சம்பாதித்தது. 2012 செப்டம்பரில் ஐபோன் 5 வந்தபோது ஆப்பிள் இரண்டாவது ரேடியோ ஏற்பாட்டைத் தவிர்த்துவிட்டது. வெரைசனில் அதே சமயம் விற்ற சாம்சங் கேலக்சி எஸ்3-ல் பேசியபடி 4ஜி பார்க்க முடிந்தது. ஐபோன் 5-ல் முடியவில்லை. இது இயற்கை விதித்த தடை இல்லை. மெல்லிய உடம்பு வேண்டுமா, பேட்டரி வேண்டுமா, இந்த வசதி வேண்டுமா என்று ஒரு நிறுவனம் கணக்குப் போட்டு எடுத்த முடிவு.

4ஜி வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. எல்டிஇ எனப்படும் 4ஜியை டேட்டாவுக்காக மட்டுமே கட்டினார்கள். பழைய பாணிப் பேச்சுக்கு அதில் தடமே இல்லை. 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஓஸ்லோவிலும் முதல் 4ஜி சேவை தொடங்கியபோது அதில் சாதாரணமாக போன் பேச வழியில்லை. இடைக்கால ஏற்பாடாக ஒரு தந்திரம் வந்தது: அழைப்பு வந்ததும் போன் 4ஜியை விட்டு 3ஜிக்கோ 2ஜிக்கோ கீழே இறங்கும், பேசி முடித்ததும் மேலே ஏறும். எண்ணை அழுத்தியபின் மணி அடிக்கச் சில விநாடி தாமதமானது இதனால்தான்.

கீழே இறங்கும் இடம் 3ஜியாக இருந்தவரை மோசமில்லை. டேட்டா மெதுவாகவாவது ஓடும். ஆனால் ஏர்டெல் 2020 வாக்கில் தன் 3ஜியை மூடி அந்த அலைவரிசையை 4ஜிக்குக் கொடுத்தது. வோடஃபோன் ஐடியாவும் அதே வழியில் நடந்தது. இவற்றில் 4ஜி வழியே பேசும் வசதி இல்லாத போனுக்கு, இறங்க 2ஜி மட்டுமே மிச்சம். 2007-ன் பி வகுப்பு நிலைமைக்கே அந்த போன் திரும்பிவிட்டது. உங்கள் போன் அப்படியா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். வைஃபையை அணைத்துவிட்டு ஓர் எண்ணை அழையுங்கள். காதில் வைக்காமல் திரையின் மேல்விளிம்பைப் பாருங்கள். 4ஜி என்ற எழுத்து அப்படியே நின்றால் நல்லது. அந்த இடத்தில் ஆங்கில ‘ஈ’ அல்லது ‘எச்’ வந்து உட்கார்ந்தால் உங்கள் போன் கீழே இறங்கிவிட்டது.

இறங்காமல் 4ஜியிலேயே பேசும் முறைக்குத்தான் வோல்ட்டி என்று பெயர். 2016 செப்டம்பர் 5-ல் தொடங்கிய ஜியோவிடம் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. வோல்ட்டி இல்லாமல் அதில் பேசவே முடியாது. வசதியில்லாத போன் வைத்திருந்தவர்கள் ஜியோவின் தனி ஆப் வழியாகப் பேசியது நினைவிருக்கும். ஓராண்டு கழித்து 2017 செப்டம்பரில் மும்பையில் ஏர்டெல்லும் வோல்ட்டி கொண்டுவந்தது.

இதில் பேச்சும் டேட்டாதான். குரலை 20 மில்லி விநாடித் துணுக்குகளாக நறுக்கிப் பொட்டலம் கட்டி அனுப்புவார்கள். ஆனால் நாம் வீடியோ பார்க்கும் இணையப் பாதையில் அது போவதில்லை. அதே டவருக்குள் குரலுக்கென்று ஒரு தனிப்பாதை திறக்கும். அந்தப் பாதையில் பொட்டலம் 100 மில்லி விநாடிக்குள் போய்ச் சேரவேண்டும் என்று தரவிதி சொல்கிறது. சாதாரண இணையத்துக்கு 300 வரை அனுமதி. அழைப்பு வந்தால் இணையப் பாதை மூடுவதில்லை, குரலுக்கு வழிவிட்டு ஓடிக்கொண்டிருக்கும். மொபைல் டேட்டாவை நாம் அணைத்துவைத்தாலும் வோல்ட்டி அழைப்பு வருவதும், பேசிய நேரம் டேட்டாக் கணக்கில் கழியாமல் இருப்பதும் இதனால்தான்.

அப்படியானால் 4ஜி போன் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது கிடைக்கவேண்டுமே? இங்கேதான் நிறுவனங்கள் வருகின்றன. வோல்ட்டிக்குச் சிப் மட்டும் போதாது. இன்ன நிறுவனத்தின் வலைப்பின்னலில் எப்படிப் பதிவு செய்துகொள்வது என்ற அமைப்புக் கோப்பு போனுக்குள் இருக்கவேண்டும். அந்த மாடலைச் சோதித்து நிறுவனம் ஒப்புதல் தரவேண்டும். ஒப்புதல் இல்லையென்றால் வோல்ட்டி பொத்தானே அமைப்புகளில் கண்ணில் படாது. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மாமா ஆசையாக வாங்கிவந்த போனில் நெட் பறக்கும், போன் பேசினால் மட்டும் 2ஜிக்கு இறங்கும் என்றால் முதலில் சந்தேகப்படவேண்டியது இதைத்தான். மென்பொருளைப் புதுப்பித்தால் சிலவற்றில் சரியாகும், சிலவற்றில் ஆகாது.

இது வெறும் வசதிப் பிரச்சினையாக நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 2024 அக்டோபர் 28 முதல் 3ஜியை மூடியபோது, அவசர உதவி எண்ணை 4ஜி வழியாக அழைக்க இயலாத போன்களை வலைப்பின்னலிலிருந்தே விலக்கவேண்டும் என்று அரசு விதி வந்தது. வெளிநாட்டில் வாங்கிய, நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த 4ஜி போன்களும் அதில் மாட்டின. நம் நாட்டிலும் 2ஜி ஒருநாள் போகும். அந்த நாளுக்கு முன்பே எந்த மாடலுக்கு எந்த நிறுவனத்தில் வோல்ட்டி உண்டு என்ற முழுப் பட்டியல் மக்கள் கைக்கு வரவேண்டும்.

இனி டெலிவரித் தம்பியின் போனுக்கு வருவோம். அவருடையது ஐந்தாறு ஆண்டுக்குள் வாங்கியதாக இருந்தால் வோல்ட்டி பெரும்பாலும் இருக்கும். அப்படியும் மேப் நிற்கிறதென்றால் காரணம் இரண்டு சிம். வேலைக்குக் கொடுத்த நம்பர் ஒரு சிம்மில், மலிவாக டேட்டா கிடைக்கிறதென்று போட்டது இன்னொன்றில். நம்மில் பலருடைய ஏற்பாடும் இதுதான்: வங்கியிலும் ஆதாரிலும் இணைத்த பழைய நம்பர் ஒன்று, நெட்டுக்கு ஒன்று.

இரண்டு சிம் போடும் போன்களில் மிகப் பெரும்பாலானவற்றில் ரேடியோ ஒன்றுதான். ஒரே வாட்ச்மேன் முன்கேட்டுக்கும் பின்கேட்டுக்கும் மாறி மாறி நடப்பதுபோல, அது ஒன்றிரண்டு விநாடிக்கொரு தரம் ஒவ்வொரு சிம்முக்கும் அழைப்பு வந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பும். சும்மா இருக்கும்வரை இரண்டு நம்பரும் உயிரோடிருக்கும். ஒரு சிம்மில் பேசத் தொடங்கினால் ரேடியோ அங்கேயே தங்கிவிடும். மற்ற சிம்மின் டேட்டா நிற்கும். அந்த நம்பரை யாராவது அழைத்தால் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்ற குரலே கேட்கும். எத்தனை சண்டைகள் இந்த ஒரு வாக்கியத்தால் வந்திருக்கும்!

இதற்கு மாற்றுவழி உண்டு. பேசும் சிம்முக்கே டேட்டாவையும் தற்காலிகமாக மாற்றிக்கொள்ளும் வசதி இன்றைய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இருக்கிறது, ஐபோனிலும் இருக்கிறது. சிம் அமைப்புகளுக்குள் போனால் ‘அழைப்பின்போது டேட்டா’ என்பதுபோல ஒரு வரி, பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பல போன்களில் நாம் போய்த் தேடி இயக்கினால்தான் வேலை செய்யும். பேசும் சிம்மில் வோல்ட்டியும் வேண்டும், டேட்டா பேக்கும் வேண்டும்.

கடைசி நிபந்தனைதான் இப்போது உதைக்கிறது. டேட்டா வேண்டாதவர்கள் தலையில் டேட்டாவைக் கட்டக்கூடாது, பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி பேக் தரவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. முதியவர்களுக்கும் இரண்டாவது சிம்மை உயிரோடு வைத்திருக்க நினைப்பவர்களுக்கும் அது பெரிய உதவி. அதை நான் முழுமனதாக வரவேற்கிறேன். ஆனால் அந்த பேக் போட்ட சிம்மில் பேசும்போது டேட்டாவை அங்கே மாற்ற எதுவும் இருக்காது, மேப் நிற்கத்தான் செய்யும். டேட்டா சிம்மின் நம்பரையே வேலைக்குக் கொடுப்பதுதான் காசு செலவில்லாத தீர்வு. முடியாதவர்கள், ‘எல்லைக்கு வெளியே’ இருக்கும்போது வரும் அழைப்பை மற்ற நம்பருக்குத் திருப்பிவிடும் அமைப்பையாவது போட்டுவைக்கலாம். வரும் அழைப்பு தவறாது. அந்த அமைப்பை நீங்களே போடுங்கள். முன்பின் தெரியாதவர் போனில் சொல்லும் குறியெண்ணை அழுத்தினால் உங்கள் வங்கி அழைப்பு அவர் கைக்குப் போய்விடும்.

இரண்டு சிம்மும் ஒரே நேரத்தில் முழுவீச்சில் இயங்கும் போன்களும் வந்துவிட்டன. 2022 இறுதியில் குவால்காம் அறிவித்த ஸ்னாப்டிராகன் 8 ஜென் 2 சிப்பில் அந்தத் திறன் இருக்கிறது. அது விலை உயர்ந்த போன்களுக்கான சிப். ஏசி அறையில் வைஃபையோடு இருப்பவருக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது. வெயிலில் வண்டியோட்டி, ஒரு கையில் மேப்பும் ஒரு காதில் வாடிக்கையாளருமாகப் பிழைப்பவருக்குத்தான் தேவை; அவர் வாங்கும் விலையில் அது வரவேண்டும்.

கேமராவின் மெகாபிக்சலையும் பேட்டரியின் அளவையும் பெட்டியில் பெரிதாக அச்சடிக்கிறார்கள். ஒரு சிம்மில் பேசும்போது மறு சிம்மின் டேட்டா ஓடுமா என்பதற்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை அச்சடிக்க இடமா இல்லை? அரசோ டிராயோ இதைக் கட்டாயமாக்கவேண்டும். அதுவரை, புது போன் வாங்கப் போகும்போது உங்கள் இரண்டு சிம்மையும் கையோடு கொண்டுபோங்கள். கடையிலேயே இரண்டையும் போட்டு, மேப்பைத் திறந்துவைத்து, டேட்டா இல்லாத சிம்மின் நம்பருக்கு ஓர் அழைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். எடுத்துப் பேசிக்கொண்டே மேப்பை நகர்த்திப் பாருங்கள். அமைப்பை மாற்றியும் நகரவில்லையென்றால் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துபோகும்.