சவலைப் பிள்ளையும் தேச சேவையும்

தேசத்தின் க்ஷேமத்தைப் பற்றிப் பேசுவதில் நம்மவர்களுக்கு அலுப்பு என்பதே கிடையாது. மாலை வேளையில் வாசகசாலைத் திண்ணையிலோ கட்சிக் காரியாலயத்திலோ நாலு பேர் கூடினால் போதும். சட்டசபை நடவடிக்கையிலிருந்து சர்வதேச விவகாரம் வரையில் ஒன்று விடாமல் அலசிவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு மேல் வீடு திரும்புவர். அதே மாலையில் தங்கள் வீட்டுச் சமையலறையில் என்ன நடந்தது என்பதைப் பற்றி அவர்கள் எந்தத் தீர்மானமும் நிறைவேற்றுவதில்லை. இன்று நாம் அந்தச் சமையலறையைப் பற்றியே எழுத முற்படுகிறோம். இது ஸ்திரீகள் பகுதிக்கு உரிய விஷயம் என்று எண்ணி நேயர்கள் தாளைப் புரட்டிவிட வேண்டாம். புருஷர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை இந்தப் பக்கத்தில் எழுதுகிறோம்.

நாம் சொல்லப் போகும் காட்சி எந்த ஊரிலும் எந்தத் தெருவிலும் காணக்கூடியதே. தாய்க்கு ஆறாவது மாதம். மூத்த குழந்தைக்கு வயது ஒன்றரை. அடுப்பில் உலை கொதிக்கிறது. குழந்தை புடவைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு, 'தூக்கு, தூக்கு' என்று ஒரே பிடிவாதம் பிடிக்கிறது. தூக்கினால் இடுப்பு ஒடிகிறது. தூக்காவிட்டால் அழுகை தெருக்கோடி வரையில் கேட்கிறது. பிசைந்த சோற்றில் நாலு கவளம் உண்டதும் குழந்தை வாயை இறுக மூடிக்கொள்கிறது. மிச்சத்தை வீணாக்க மனமில்லாத தாய் அதையே தன் சாப்பாடாகப் பாவித்து விழுங்குகிறாள். பகலில் அது கண்ணயரும் அரைமணி நேரத்தில் தானும் சற்றுப் படுக்கலாம் என்றால், ஊறவைத்த துணி காத்துக்கொண்டிருக்கிறது. இரவிலோ உள்ளே ஒன்று உதைக்கிறது. வெளியே ஒன்று தன் காலைத் தூக்கித் தாயின் வயிற்றின்மேல் போட்டுக்கொண்டு நிம்மதியாக உறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே உறக்கமில்லாதவள் ஒருத்திதான்.

ஆயினும் இதை வெறுந் துன்பம் என்று நாம் வர்ணித்தால் தாய்மார்களே நம்மைக் கோபித்துக்கொள்வர். அந்தச் சிறு குழந்தை தாயின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டு, 'பாப்பா தூங்குது' என்று விரலை உதட்டில் வைத்து வீட்டார் அனைவரையும் அடக்குகிறது. தன் கையிலுள்ள முறுக்கை வயிற்றருகே நீட்டிப் பாப்பாவுக்கும் ஊட்டப் பார்க்கிறது. தாயைப் போலவே இடுப்பில் கையூன்றி, இல்லாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டுகிறது. 'தம்பியா, தங்கச்சியா?' என்று பாட்டி கேட்கிறாள். காலையில் தம்பி என்கிறது. மாலையில் தங்கச்சி என்கிறது. இரண்டுக்கும் ஒரே மாதிரி முத்தம் கிடைக்கிறது. இந்தச் செல்வத்தைக் கண்டவர்களுக்கு வேறு செல்வம் பெரிதாகத் தோன்றுமா? தாய் தன் களைப்பையெல்லாம் இந்த ஒரு சிரிப்பில் மறந்துவிடுகிறாள் என்று நாம் வழக்கமாக எழுதுவோம். அவள் மறப்பதில்லை, சகித்துக்கொள்கிறாள் என்பதே உண்மை. அவளுடைய சகிப்புத் தன்மையை அவளுடைய பலம் என்று தவறாகக் கணக்கிட்டுவிடுவதே நம்முடைய முதற் குற்றம்.

முதல் கர்ப்பத்துக்கு நம் குடும்பங்களில் எவ்வளவு உபசாரம் நடக்கிறது என்பதை நேயர்கள் அறிவர். வளைகாப்பு நடக்கிறது, கலந்த சாத வகைகள் வருகின்றன, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்கின்றனர். அங்கே அவளை ஒரு குடம் தண்ணீர் தூக்க விடுவதில்லை. இரண்டாவது கர்ப்பத்துக்குப் பெரும்பாலான குடும்பங்களில் வளையும் இல்லை, தாய்வீடும் இல்லை. 'இவளுக்கு எல்லாம் தெரியும். முன்பே பெற்றவள்தானே' என்று ஒரு வார்த்தையில் காரியம் முடிந்துவிடுகிறது. உண்மையில் முதல் தடவையைவிட இரண்டாந் தடவைதான் அவளுக்கு வேலை அதிகம். முதற் கர்ப்பத்தில் அவள் ஓர் உயிரைச் சுமந்தாள். இப்பொழுது வயிற்றில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக இரண்டைச் சுமக்கிறாள். சுமை இரட்டித்த காலத்தில் உபசாரம் நின்றுவிடுகிறது என்றால், இது என்ன நியாயம்?

இந்த அநியாயத்தின் விளைவு இன்னதென்பதை நம் முன்னோர் அறியாதவர்களல்லர். தாய் மறுபடியும் கருவுற்றதனால் பால் குன்றி மெலிந்துபோகும் குழந்தைக்குச் 'சவலைப் பிள்ளை' என்று தமிழில் தனிப் பெயரே உண்டு. யாப்பிலக்கணம் வகுத்தவர்களும், இரண்டாம் அடியில் தனிச்சொல்லை இழந்து குறுகி நிற்கும் வெண்பாவைச் சவலை வெண்பா என்றனர். கிடைக்க வேண்டியது கிடைக்காமல் நடுவிலே குறைபட்டது எதுவோ அதுவே சவலை. ஆப்பிரிக்காவில், அக்காலத்தில் கோல்டு கோஸ்டு என்றும் இன்று கானா என்றும் வழங்கும் நாட்டில் பணி புரிந்த டாக்டர் சிஸிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார், கைகால் வீங்கி, தலைமயிர் செம்பட்டையாகி, குழந்தைகள் நலிந்திறக்கும் நோயொன்றை 1933-ல் வைத்திய உலகுக்கு எடுத்துக் காட்டினார். 1935-ல் அந்நோய்க்கு அந்நாட்டுக் கா மொழியில் தாய்மார் வழங்கிய பெயரையே சூட்டினார். 'குவாஷியார்க்கர்' என்பது அந்தப் பெயர். அடுத்த குழந்தை வந்ததால் இடமிழந்த குழந்தைக்கு உண்டாகும் நோய் என்பது அதன் பொருள். கடல் கடந்த இரண்டு ஜாதியார் ஒருவரையொருவர் அறியாமலே இந்தத் துயரத்துக்குப் பெயரிட்டிருக்கின்றனர் என்றால், இது எவ்வளவு பழைய துயரம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பழைய துயரமே ஒழிய, தீராத துயரமன்று. கருவுற்றவளின் பால் 'கெட்ட பால்' என்று சொல்லி, வேப்பிலையை அரைத்துத் தடவி ஒரே நாளில் மறக்கடிக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. கர்ப்பம் ஆரோக்கியமாக இருக்கும் வரையில் தாய்ப்பால் விஷமாவதில்லை என்று வைத்தியர்கள் கூறுகின்றனர். முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்களும், இரத்தப்போக்கு உள்ளவர்களும் வைத்தியரைக் கலந்துகொள்ள வேண்டும். மற்றவர்கள் அஞ்ச வேண்டுவதில்லை. மாதம் ஏற ஏறப் பால் தானாகவே குறையும். குறைவதை ஈடு செய்வதுதான் வீட்டாரின் கடமை. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளை உணவும், இடையில் ஒன்றிரண்டு முறை சிற்றுண்டியும் வேண்டும். பருப்பும் நெய்யும் சேர்த்துக் குழையப் பிசைந்த சோறு, முட்டை, கீரை, வாழைப்பழம் ஆகியவை போதும். இவற்றுக்குக் குபேர சம்பத்து தேவையில்லை. தேவைப்படுவது குழந்தையின் எதிரே பொறுமையாக உட்கார்ந்து ஊட்டுவதற்கு ஒரு மனிதர். அந்த மனிதர் எப்பொழுதும் தாயாகவே இருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

இனித் தாயின் நிலையைப் பார்ப்போம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது 100-க்கு 52 பேர், இரத்த சோகையுள்ளவர்கள். முதற் பிரசவத்தில் இழந்த இரத்தம் ஊறுவதற்கு முன்பே இரண்டாவது கரு தங்கினால் அந்த உடம்பு எதைக் கொண்டு ஈடு கொடுக்கும்? ஆகவேதான், ஒரு குழந்தை பிறந்த பின் குறைந்தது 24 மாதங்களேனும் கழிந்த பிறகே அடுத்த கருவுக்கு முயல வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் யோசனை கூறியிருக்கிறது. கர்ப்ப காலத்தில் 180 நாட்கள் இரும்புச் சத்து மாத்திரை உட்கொள்ளும்படி சர்க்கார் இலவசமாகவே கொடுக்கின்றனர். மாத்திரை வீட்டுக்கு வந்துவிடுகிறது. பல வீடுகளில் அது அலமாரியிலேயே இருந்துவிடுகிறது. குழந்தைக்கு மருந்து கொடுக்கத் தவறாத தாய், தனக்குரியதை மறந்துவிடுகிறாள். அவளுக்கு ஞாபகமூட்டுவதற்கு ஒருவரும் இல்லை.

24 மாத இடைவெளி என்பது தாயொருத்தியின் தீர்மானத்தில் மாத்திரம் அடங்கியதா? இக்கேள்விக்குப் புருஷர்களே விடை சொல்ல வேண்டும். அதே ஆய்வின்படி, மணமான ஸ்திரீகளில் 100-க்கு 38 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டிருக்கின்றனர். ஆபரேஷனைக் கணவன் ஏற்றுக்கொண்ட தம்பதிகள் 100-க்கு ஒன்றுகூட இல்லை. புருஷனுக்குச் செய்யும் ஆபரேஷனே சுலபமானது என்பது வைத்தியர் அனைவரும் ஒப்புக்கொண்ட விஷயம். இருந்தும், கத்தியும் கட்டிலும் வந்தால் நம் வீரர்கள் மனைவியை முன்னே அனுப்பிவிட்டுத் தாம் வெளித் திண்ணையில் உட்கார்ந்துகொள்கின்றனர். இரு குழந்தைகளுக்கு இடையே காலம் விடுவதற்கு உறை முதல் காப்பர்-டி வரையில் எத்தனையோ சாதனங்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கிடைக்கின்றன. அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவர வெட்கப்படுகிறவர், சவலைப் பிள்ளையைக் கண்டு வெட்கப்படாதது ஏன்?

சர்க்காரும் இந்தக் குறைக்கு விலக்கல்ல. பம்பாய்ச் சட்டசபையில் 1928-ல் பிரசவ சகாய மசோதா வந்தபொழுது டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வளிப்பது தேச நலனைச் சேர்ந்தது. ஆகையால் அதன் பாரத்தைச் சர்க்காரும் ஏற்கவேண்டும் என்பது அவர் வாதம். 1929-ல் அது சட்டமாயிற்று. சுதந்திர இந்தியாவில் 1961-ல் தேசம் முழுமைக்கும் சட்டம் ஏற்பட்டது. 12 வாரமாயிருந்த விடுமுறை, முதல் இரண்டு குழந்தைகளுக்கும் 26 வாரம் என்று 2017-ல் உயர்ந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் வயலில் களை எடுப்பவளுக்கும், சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கும், நாலு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவளுக்கும் இந்த விடுமுறை எட்டுவதில்லை. அத்தகையோருக்காக 2017-ல் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய மாத்ரு வந்தனத் திட்டத்தில் முதற் குழந்தைக்கு 5,000 ரூபாய் உண்டு. இரண்டாவது குழந்தைக்கோ, 2022 முதல், அது பெண்ணாயிருந்தால் மாத்திரமே 6,000 ரூபாய். பெண் குழந்தையை வரவேற்க வேண்டும் என்ற நோக்கத்தை நாம் மனமார ஆதரிக்கிறோம். ஆனால் கர்ப்பிணியின் பசிக்கு ஆண் பெண் என்ற பேதம் உண்டா? வயிற்றிலிருப்பது இன்னதென்று தெரியாத மாதங்களில்தான் அவளுக்குப் பாலும் பருப்பும் வேண்டியிருக்கின்றன. சென்னைச் சட்டசபையில் 1927-ல் அங்கம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால் தமிழ்நாட்டில் 1987-ல் தொடங்கிய உதவித் திட்டம் இந்த பேதம் பாராமல் முதல் இரண்டு பிரசவங்களுக்கும் உதவுகிறது. மத்திய சர்க்காரும் இதைப் பின்பற்ற வேண்டும். இதற்காகக் கிளர்ச்சி செய்வது நம் ஊழியர்களின் கடமை.

கிளர்ச்சிக்குப் புறப்படுமுன் ஊழியர்கள் தம் வீட்டில் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. தேச சேவையில் ஈடுபட்டவனுக்குக் குழந்தையைக் குளிப்பாட்ட நேரமேது என்று சிலர் கேட்கலாம். காந்தியடிகளுக்கு நேரம் இருந்தது. டர்பன் நகரில் அவர் வக்கீல் தொழிலும் பொது வேலையும் மும்முரமாக நடத்திவந்த காலத்தில், கஸ்தூரிபாய் அம்மையார் மறுபடியும் கருவுற்றிருந்தார். மூன்றாம் புதல்வர் ராமதாஸ் இன்னும் சிறு குழந்தை. பிரசவத்தையும் சிசு பராமரிப்பையும் பற்றி டாக்டர் திரிபுவனதாஸ் எழுதிய புஸ்தகத்தைக் காந்தியடிகள் ஊன்றிப் படித்திருந்தார். 1900-ம் வருஷம் தேவதாஸ் பிறந்தபொழுது திடீரென்று வலி கண்டது. வைத்தியரும் கிடைக்கவில்லை, மருத்துவச்சியும் வந்து சேரவில்லை. அவரே அருகிலிருந்து பிரசவத்தைப் பார்த்தார். அங்கே பிறந்த இரு குழந்தைகளையும் தாமே கவனித்துக்கொண்டதாகவும், தாதியை வைத்துக்கொண்டது இரண்டு மாதங்களுக்கு மேற்படவில்லை என்றும், அதுவும் முக்கியமாக மனைவியின் உதவிக்கே என்றும் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர் கதரையும் உப்பையும் ஏற்றுக்கொண்ட நாம், இந்த ஒரு பாடத்தை மட்டும் படிக்காமல் விட்டுவிட்டோம்.

நாம் கோருவது அதிகமன்று. மனைவிக்கு மறுபடியும் மாதம் தப்பியது என்று தெரிந்த நாள் முதல், மூத்த குழந்தை தகப்பன் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் குளிப்பாட்டுவதும் இரவில் ஊட்டுவதும் தகப்பனாருடைய வேலையாகட்டும். குழந்தை முதலில் ஒப்புக்கொள்ளாது. 'அம்மா' என்று வீறிடும். ஒரு வாரம் பொறுத்தால் உங்கள் தோளையும் தன் சொத்தாக்கிக்கொள்ளும். தாய் பிரசவத்துக்குப் போகும் நாளில் அது அநாதையாக நிற்காது; புதுக் குழந்தை வந்த நாளில் இடமிழந்ததாக எண்ணி ஏங்காது. மாத்திரையை நீங்களே எடுத்துக் கொடுங்கள். அங்கன்வாடியில் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் கொடுக்கும் சத்துமாவை நீங்களே போய் வாங்கி வாருங்கள். மனைவி சூடான சோற்றைத் தன் இலையில் உட்கார்ந்து உண்ணும் வரையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நில்லுங்கள். தெருவிளக்கையும் நிலவையும் காட்டுங்கள். கூட்டத்துக்கு அரைமணி தாமதமானால் தேசம் மூழ்கிவிடாது.

சவலை என்ற சொல் அகராதியில் இருக்கட்டும், யாப்பிலக்கணத்திலும் இருக்கட்டும். நம் வீட்டுத் திண்ணையில் அது உட்கார்ந்திருக்க இடங்கொடுக்கலாகாது. இன்று மாலை கூட்டத்துக்குப் புறப்படும் அன்பர், புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தச் சிறு கையைப் பற்றித் தம்மோடு அழைத்துச் செல்வாராக. கூட்டத்தில் அது சற்றே சத்தம் போடும். அதை யாரும் ஆட்சேபிக்கமாட்டார்கள் என்று நாம் நம்புகிறோம்.