1098-ஐ அழைத்தால் என்ன நடக்கும்?



திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தில் ஒரு முறையீடு வருகிறது. கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. திருத்தூதர்கள் அதைக் கேட்டு, செபியுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடவில்லை. அந்த வேலையைப் பார்ப்பதற்கென்றே ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இன்று சமூகப் பணியாளர்கள் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

ஆனால் நம் சாமளாபுரத்தில் அவர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே பயம்தான் முந்திக்கொண்டு வருகிறது. "1098-க்குச் சொன்னால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஹோமில் போட்டுவிடுவார்களாமே, ஃபாதர்?" தறிக்குடோனுக்குப் போகும் தாய்மாரும், பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் தாய்மாரும் எங்களிடம் கேட்பது இதைத்தான். பயத்தில் மூடி வைத்துவிட்டு, எல்லாம் முற்றிய பிறகு வந்து கதவைத் தட்டுகிறார்கள்.

1098 என்பது குழந்தைகளுக்கான இலவச உதவி எண். 1996-இல் மும்பையில் தொடங்கியது; இப்போது அரசே நடத்துகிறது. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். குழந்தையே பேசலாம், அண்டை வீட்டாரும் பேசலாம். அழைத்தவர் தம் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. தகவல் வந்ததும் பணியாளர்கள் குழந்தையையும் குடும்பத்தையும் சந்தித்துப் பேசுகிறார்கள். தேவைப்பட்டால் விஷயம் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போகும். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழு அது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கே. இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது எடுக்கும் கடைசி முடிவு. வீட்டுக்குள்ளேயே குழந்தைக்கு ஆபத்து என்றால் நிலைமை வேறு. அங்கே பிரித்து வைப்பதுதான் காப்பது.

பல வீடுகளில் உண்மையான சிக்கல் பணம். கணவர் இறந்துவிட்டார், அல்லது விட்டுப் போய்விட்டார். சனிக்கிழமைச் சம்பளம் வாடகைக்கும் மளிகைக்குமே சரியாகிவிடுகிறது. மூத்த பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கைமடிக்க அனுப்பலாமா என்ற எண்ணம் வருவது அப்போதுதான். 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். 18 வரை ஆபத்தான வேலை எதுவும் கூடாது. சட்டத்தைச் சொல்லிவிட்டால் அடுப்பு எரிந்துவிடாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆகவே இதையும் சொல்கிறோம்: மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தந்தையை இழந்த, அல்லது தாய் கைவிடப்பட்ட, அல்லது பெற்றோர் கடும் நோயில் விழுந்த பிள்ளைக்கு, வீட்டிலிருந்தே படிக்க மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். கேட்ட எல்லோருக்கும் உடனே கிடைத்துவிடும் என்று சொல்லமாட்டோம்; ஒதுக்கீட்டைப் பொறுத்தது. ஆனால் கேட்காதவர்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. வருமானச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை முதலில் தேடி எடுத்து வையுங்கள்.

குடித்துவிட்டு அடிக்கும் கணவரோடு வாழும் சகோதரிகளுக்கு 181. அடிபட்டவர் தங்க இடம், மருத்துவம், சட்ட உதவி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் சகி மையம் மாவட்டந்தோறும் உண்டு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, வீடு கணவர் பெயரில் இருந்தாலும் மனைவியை அப்படியே வெளியே தள்ளிவிட முடியாது. "சிலுவையைச் சுமந்துகொள் அம்மா" என்று சொல்லி அடிபடும் பெண்ணைத் திரும்ப அனுப்புகிறவர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். சிலுவையை அப்படிப் பயன்படுத்துவதற்கு மறையியலில் இடமில்லை.

ஒன்றில் மட்டும் சமரசம் பேச எவருக்கும் உரிமை இல்லை. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தெரிந்தும் மறைப்பது தண்டனைக்குரியது. சொந்தக்காரர், மானம் போய்விடும், ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள் என்பதெல்லாம் அங்கே செல்லாது. குழந்தையின் பெயரை வெளியிடவும் சட்டம் தடை செய்கிறது. கோயில் வாசலில் நின்று பேசுகிறவர்களுக்கும் அது பொருந்தும். அத்தகைய செய்தியோடு பங்கு இல்லத்துக்கு வருகிறவர்களிடம் நாங்கள் பஞ்சாயத்துப் பேசுவதில்லை. மேசையில் இருக்கும் தொலைபேசியில் 1098-ஐ அழைத்துக் கையில் கொடுக்கிறோம். பேசி முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருக்கிறோம்.