நோயுற்ற பிள்ளையின் வாய்ச் சுத்தம்

“மௌலவி, மகனுக்கு ஏழு வயது. இரத்தப் புற்றுநோய்க்கு மஹரகமையில் மருந்து ஏற்றுகிறார்கள். வாயெல்லாம் புண். மிஸ்வாக் செய்தால் முரசில் இரத்தம் வருகிறது. பல் துலக்குவதையே நிறுத்திவிட்டேன். சுன்னத்தை விட்டவளாகி விட்டேனா?”

கண்ணீரோடு ஒரு தாய் கேட்ட கேள்வி இது. அல்லாஹ் அப்பிள்ளைக்குப் பூரண சுகத்தை அருள்வானாக! அவருக்குச் சொன்ன பதில் ஏனைய தாய்மாருக்கும் பயன்படட்டும்.

தன் உம்மத்துக்குச் சிரமமாகிவிடும் என்று அஞ்சியிராவிட்டால் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக்கைக் கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. மிஸ்வாக்கை வலியுறுத்தும் அந்த ஹதீஸிலேயே இரக்கமும் இருக்கிறது. சுத்தம் செய்யும் சொரசொரப்பான எப்பொருளாலும் அந்த சுன்னத் நிறைவேறும் என்பது நமது ஷாபிஈ மத்ஹபு. எனவே குச்சியை வைத்துவிட்டு மிருதுவான பிரஷ்ஷை எடுங்கள். ஆனால் சுத்தத்தை விட்டுவிடாதீர்கள்.

காரணம் இதுதான். இம்மருந்துகள் வேகமாகப் பெருகும் கலங்களை அழிக்கின்றன. வாயின் உட்தோலும் அத்தகையதே; அதனால்தான் புண் வருகிறது. கிருமியை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்களும், இரத்தத்தை உறைய வைக்கும் சிறுதட்டுகளும் குறைகின்றன. அந்நாட்களில் வாயிலுள்ள கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். நோகிறதே என்று துலக்காமல் விடுவது இரக்கமாகாது.

தாய்மார் கவனிக்க வேண்டியவை:

• இயலுமானால் சிகிச்சை தொடங்குமுன் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

• புளோரைட் பற்பசையால் நாளுக்கு இருமுறை மெதுவாகத் துலக்கி விடுங்கள். பிரஷ்ஷும் தாங்காவிட்டால் என்ன செய்வதென்று வார்ட்டில் கேளுங்கள்.

• வாந்தி எடுத்தால் வெறும் நீரால் கொப்பளிக்கச் செய்யுங்கள். மதுசாரம் கலந்த வாய்கழுவி வேண்டாம்.

• உறைப்பும் சூடும் புண்ணை எரிக்கும். பிள்ளை அழுகிறதென்று அடிக்கடி இனிப்புக் கொடுத்தால் பல் சூத்தையாகும்.

• புற்றுநோய் வைத்தியரைக் கேளாமல் பல் பிடுங்க வேண்டாம்.

• காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

சிறு வயதில் இச்சிகிச்சை பெற்றவர்களுக்குப் பின்னர் முளைக்கும் பற்கள் சிறுத்தோ, வேர் குறுகியோ இருக்கலாம். ஆகவே சுகமான பின்னரும் பல் வைத்தியரை மறந்துவிடாதீர்கள்.

சகோதரிகளே! இரவு விழித்திருந்து பிள்ளையின் வாயைத் துடைத்துவிடும் தாயின் கரம் இபாதத்தில் இருக்கிறது. நிய்யத்தோடு செய்யுங்கள். நமது நோயாளிக் குழந்தைகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் ஷிபாவை அருள்வானாக! ஆமீன்.